ஐஎஸ்ஐ முத்திரையும் டயப்பருக்குள் போகும் ட்யூபும்

மருத்துவ ஜவுளிகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய ஜவுளி அமைச்சகம் 2023-ல் பிறப்பித்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் குழந்தை டயப்பருக்கு ஐஎஸ் 17509 தரநிலை அதன் வழியே கட்டாயமாக்கப்பட்டது. அமலுக்கு வரும் தேதி பிறகு தள்ளிப்போனது. இதற்கிடையே, 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பர் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. விலை இறங்கியதாகவும் முத்திரை வந்துவிட்டதாகவும் கேள்விப்பட்ட பெற்றோர், குழந்தை நல ஓ.பி.யில் கேட்பது ஒன்றைத்தான்: “ஐஎஸ்ஐ போட்ட டயப்பர் வாங்கினா ரேஷ் வராதுல்ல டாக்டர்?”

வரும் என்பதே நேர்மையான பதில்.

ஆணையை இவ்விதழ் மனதார வரவேற்கிறது. பிஎச் அளவு, பாக்டீரியா மற்றும் பூஞ்சைச் சுமை, உயிரிப் பொருத்தம் ஆகியவை பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது நெடுங்காலத் தேவை. டயப்பர்களில் தாலேட் கலந்திருப்பதை டெல்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு தன் ஆய்வில் சுட்டிக்காட்டியிருந்தது. ஆனால் தரநிலை சோதிப்பது கடைக்குப் போகும் புது டயப்பரை. நாம் பார்ப்பதோ நான்கு மணி நேரம் கட்டியிருந்த டயப்பரின் கீழே இருக்கும் தோலை. சிறுநீர் பிஎச்சை ஏற்றுவதும், அதனால் மலத்தின் புரோட்டியேஸும் லைப்பேஸும் வீரியம் பெறுவதும் 1986-ல் பெர்க், பக்கிங்ஹாம், ஸ்டூவர்ட் ஆய்வுகளிலேயே தெளிவாகிவிட்டன. அந்த வினை நடக்கத் தேவையானது நேரம். எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எந்த முத்திரையும் சொல்லாது.

எனவே பெற்றோரிடம் பிராண்ட் பெயரைச் சொல்வதைவிட, எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்லித் தருவதே சரி. உறிஞ்சும் பாலிமர் கலந்த உள்ளடுக்கு, காற்று புகும் பின்தாள், வாசனை சேர்க்காத மேல்தாள், தொடையில் தடம் பதிக்காத எலாஸ்டிக் ஆகிய நான்கும் போதும். மீள்கசிவை வீட்டிலேயே பார்க்கலாம்: அரை டம்ளர் தண்ணீரை டயப்பரில் ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, மடித்த டிஷ்யூவை வைத்து உள்ளங்கையால் அழுத்தினால், டிஷ்யூ எவ்வளவு நனைகிறதோ அவ்வளவு ஈரம் குழந்தையின் தோலுக்கும் திரும்பி வரும். மஞ்சள் கோடு முழுக்க நீலமாகட்டும் என்று காத்திருப்பது பெரிய தவறு. அது சிறுநீரைக் காட்டுமே தவிர, மலத்தைக் காட்டாது. பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, மலம் கழித்தால் உடனே மாற்றச் சொல்ல வேண்டும். பெட்டிக்கடையில் பாக்கெட்டைப் பிரித்து ஒற்றை டயப்பராக விற்கும்போது முத்திரையும் பேட்ச் எண்ணும் பாக்கெட்டோடு கடையிலேயே நின்றுவிடுகின்றன. அப்படி வாங்கும் குடும்பம்தான் மாற்றுவதையும் தள்ளிப்போடுகிறது.

இடுப்பின் இரு ஓரத்திலும் தொடையின் வெளிப்புறத்திலும் மட்டும் அரிப்பு இருந்தால், எலாஸ்டிக்கில் உள்ள ரப்பர் வேதிப்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். கௌபாயின் துப்பாக்கி உறை படும் இடம் என்பதால் ‘லக்கி லூக்’ என்று பெயர் பெற்ற ஒவ்வாமை அது. இங்கே பிராண்டை மாற்றுவதே சிகிச்சை. மற்றபடி, எறியும் டயப்பரால் ரேஷ் குறையும் என்றோ குறையாது என்றோ சொல்லத் தரமான சான்று போதவில்லை என்றே 2006-ன் காக்ரேன் மதிப்பாய்வு முடித்தது. அமெரிக்காவில் 2010 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பேம்பர்ஸ் ட்ரை மேக்ஸ் குறித்து ஏறக்குறைய 4,700 புகார்கள் குவிந்தன. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்து, டயப்பருக்கும் ரேஷுக்கும் குறிப்பான தொடர்பு எதுவும் தெரியவில்லை என்று அறிவித்தது. அங்கே புகார் சொல்ல ஓர் இடம் இருந்தது, பதில் சொல்ல ஓர் ஆணையமும் இருந்தது.

இங்கே எது கவனிக்கப்படாமல் இருக்கிறது என்பதை இவ்விதழ் பல இதழ்களாக எழுதி வருகிறது. மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது.

ரேஷ் வந்த குழந்தையின் தாய் முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்கு. ஓ.பி.க்கு வரும்போது பையிலிருந்து ஒரு ட்யூப் எடுக்கிறார். அட்டைப் பெட்டி இல்லை, சீட்டு இல்லை, பாதிக்கு மேல் பிதுக்கியாகிவிட்டது. உள்ளே பெக்லோமெத்தசோனோ க்ளோபெட்டசாலோ, கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாட்டிக். பூசினால் இரண்டே நாளில் சிவப்பு வடியும், நிறுத்தினால் திரும்பும், திரும்பப் பூசுவார்கள். பூசிய பிறகு டயப்பரை இறுக்கி ஒட்டுகிறார்கள். எவ்வளவு நல்ல டயப்பரானாலும், ஸ்டீராய்டின் மேல் அது ஒரு மூடுகட்டு. கேண்டிடா மடிப்புக்குள் இறங்கி, சுற்றிலும் சாட்டலைட் கொப்புளங்கள் கிளம்புகின்றன. தோல் மெலிகிறது. க்ரானுலோமா க்ளூட்டியேல் நாம் பாடத்தோடு விட்டுவிட்ட நோய் அல்ல. டயப்பர் பகுதியில் க்ளோபெட்டசால் பூசி குஷிங் நிலைக்குப் போன கைக்குழந்தைகள் பற்றி மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியிருக்கிறது.

அமெரிக்காவில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் ட்யூபிலேயே டயப்பர் ரேஷுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். க்ளோட்ரிமசோல்–பீட்டாமெத்தசோன் கலவையின் குறிப்பேடு 17 வயதுக்குட்பட்டோருக்குப் பரிந்துரைக்கவில்லை. டயப்பர் ரேஷைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. நம் நாட்டில் மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை 2018-ல் அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தார்கள். தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது அது. காகிதத்தில் வந்த விதி கவுன்டருக்கு ஏன் வரவில்லை? பஞ்சுக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் சான்றிதழ் கேட்கத் தெரிந்த அரசுக்கு, அதே தோலில் பூசும் மருந்துக்குச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர் கிடைக்கவில்லையா? மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகங்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கோரிக்கைகள் மூன்று. ஸ்டீராய்டு கலந்த ஒவ்வொரு ட்யூபிலும், பெட்டியில் மட்டுமல்லாமல் ட்யூபின் மேலேயே, ‘டயப்பர் பகுதியில் பூசக் கூடாது’ என்று தமிழிலும் அச்சிட வேண்டும். சீட்டில்லா விற்பனைக்கு எடுத்த நடவடிக்கைகளை மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். ஒற்றையாக விற்கும் டயப்பரிலும் முத்திரை தெரிய வேண்டும்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். டயப்பர் ரேஷுடன் வரும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டாரிடமும், பூசிய ட்யூபை எடுத்து வரச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு பாதிப்பு தெரிந்தால், மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் எழுதி, மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவத்தை அன்றே நிரப்பி அனுப்புங்கள். சிங்க் ஆக்சைடைக் கனமாகப் பூசவும், ஒவ்வொரு முறையும் அதை முழுக்கத் தேய்த்து எடுக்காமல் அழுக்கை மட்டும் துடைக்கவும், தினமும் சிறிது நேரம் டயப்பர் இல்லாமல் விடவும் செவிலியர்கள் செய்து காட்ட வேண்டும்.