கூண்டு ஏறினால் போதுமா?

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் தூத்துக்குடியிலே கடலை நம்பிப் பிழைக்கும் வீடுகளில் ஒரே கேள்விதான்: கூண்டு ஏறிவிட்டதா? ஏறியிருந்தால் என்ன எண்? ஒன்று என்றால் தொலைகடலில் காற்றழுத்தம். இரண்டு என்றால் அது புயலாகிவிட்டது. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மிரட்டல். ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். பதினோராம் எண்ணுக்குப் பொருள், வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பது.

கூண்டு ஏற்றுவதை நாம் குறை கூறவில்லை. ஏற்றிய பிறகு என்ன என்றுதான் கேட்கிறோம்.

2017-ஆம் ஆண்டை மறக்க முடியுமா? நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் காலையிலேயே அது ஒக்கி என்னும் புயல்! ‘கடலுக்குப் போகாதீர்’ என்ற அறிவிப்பு வந்தது, உண்மை. ஆனால் பல நாள் தங்கி மீன்பிடிக்க முன்பே போய்விட்டவன் காதில் அதை யார் சொன்னது? தமிழகத்திலும் கேரளத்திலுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், காணாமற்போயினர். அவர்களைப் பொறுத்தவரை கரையிலே என்ன எண் ஏறியிருந்தால் என்ன? அவர்களுக்கு வாய்த்தது பதினோராம் எண்தான்!

கடலிலே மட்டும்தானா இந்தக் கொடுமை? பனிமலையைப் பாருங்கள் தோழர்களே. முன்பனிக் காலத்தில் பெய்யும் முதற்பனி, சில இடங்களில் பிடிப்பற்று, நம் உப்பளத்து உப்பைப்போலப் பொலபொலவென்று அடியில் கிடக்கும். பின்னால் பெய்யும் பனி அதன்மேல் பாளமாக ஏறும். பாரம் தாங்காத நாளில் மேற்பாளம் அப்படியே சரியும். இதை அளந்து எச்சரிக்கத் தனி ஆய்வு நிலையமே இருக்கிறது. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தரகண்டில் மானா அருகே பனி சரிந்தது. சாலைப் பணியாளர் 54 பேர் புதைந்தனர். 8 பேர் மாண்டனர். முதல்நாள் மாலையே எச்சரிக்கை தரப்பட்டிருந்தது! எச்சரிக்கை தாளிலே இருந்தது. தொழிலாளியோ மலையடியில் இரும்புக் கொட்டகையிலே இருந்தான்.

பனிமலையானாலும் சரி, பரவைக் கடலானாலும் சரி, பாட்டாளியின் நிலை ஒன்றே. ஆபத்தை அறியும் அறிவு நாட்டிலே வளர்ந்திருக்கிறது. அந்த அறிவு கடைசி மனிதனைச் சென்றடையும் வழிதான் வளரவில்லை.

அறிந்தும் கடலுக்குப் போகிறானே என்பார் சிலர். ஏன் போகிறான்? அவனுக்கு மாதச் சம்பளமா வருகிறது? பாடு கிடைத்தால் பங்கு. படகு கரையில் நின்றால் பட்டினி. திரேஸ்புரத்திலே படகு நின்றால் ஐஸ் உடைப்பவனுக்கும் கூடை சுமப்பவளுக்கும் அன்று கூலியில்லை. வானம் மிரட்டுகிறது, வயிறு விரட்டுகிறது. இரண்டுக்கும் நடுவிலே நிற்பவனிடம் ‘போகாதே’ என்று மட்டும் சொல்வது எச்சரிக்கையாகுமா?

பணத்துக்கு எங்கே போவது என்று ஆள்வோர் கேட்கக்கூடும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனம் பெருகக் கடலை மூடுகிறார்கள். மீனவர் குடும்பத்துக்கு நிவாரணமும் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். மீனைக் காக்க ஏற்ற நெறியை மீனவனைக் காக்க ஏற்கக் கூடாதா? மீன்பாடு குறைந்த காலத்துக்கென ஒரு தொகை தருவதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால், கூண்டு ஏறிய அன்று இரவு உலை வைக்க அது கையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஆகவே நாம் கேட்பது மூன்று. கடலுக்குப் போகக்கூடாதென்று அரசு அறிவிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நாட்கூலி, கரைத்தொழிலாளிக்கும் சேர்த்து. விசைப்படகுக்கு மட்டுமின்றி நாட்டுப்படகுக்கும், கைப்பேசி எட்டாத தொலைவில் செய்தி கேட்கும் கருவி. தருவைக்குளம் போன்ற ஊர்களிலிருந்து தங்குகடல் போகும் ஒவ்வொரு படகுக்கும் கரையிலே ஆள்பெயர்ப் பட்டியல்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்பதா? வேம்பார் முதல் பெரியதாழை வரை ஒவ்வொரு துறையிலும் தோழர்கள் இருவர் பொறுப்பேற்கட்டும். யார் கடலில், யார் கரையில் என்று மாலைதோறும் குறித்து வைக்கட்டும். எண் ஏறினால் வீடுவீடாகச் சென்று சொல்லட்டும்.

கூண்டு ஏறுவது கடமையின் தொடக்கம். கடலுக்குப் போன கடைசித் தோழன் கரையேறும்போதுதான் அது முடிகிறது.