நடுவர் தீர்ப்பே இறுதியானது

மார்கழி பாதி ஆனதும் என் கிளினிக் கதவில் நோட்டீஸ் ஒட்ட ஆள் வந்துவிடும். சதுரங்கப்பட்டினத்திலிருந்து கோவளம் வரை கடலோரக் குப்பங்களிலும், திருக்கழுக்குன்றத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரை ஊர்களிலும் பொங்கலுக்கு மின்னொளி கபடி இல்லாமல் இருக்காது. நோட்டீஸில் மேலே அம்மன் படம், இரு பக்கமும் தலைவர்கள் படம், நடுவில் பரிசுத் தொகை, சுழற்கோப்பை, நுழைவுக் கட்டணம். எல்லாம் முடிந்து அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி: ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது. ஆட்டத்தில் ஏற்படும் காயங்களுக்குக் கமிட்டி பொறுப்பல்ல.’

இருபத்தைந்து வருஷமாக இந்த இரண்டு வரியைப் படித்துவருகிறேன். புள்ளி யாருக்கு என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். பொறுப்பில்லை என்று கைவிரிக்கவும் ஆள் இருக்கிறது. அடிபட்டவன் மறுபடி கோர்ட்டுக்குள் இறங்கலாமா என்பதை யார் சொல்வது என்று மட்டும் எந்த நோட்டீஸிலும் கண்டதில்லை. இந்த இதழைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் இயன்முறை மருத்துவர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள். கோர்ட்டு ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சால்வை போர்த்தி, நம்மைத்தான் உட்கார வைக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வி நம் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கல்பாக்கம் தாண்டி ஒரு ஊர். நள்ளிரவு தாண்டியிருக்கும். லெஃப்ட் கார்னரில் பதினேழு வயசுப் பையன், மீனவர் வீட்டுப் பிள்ளை. பாடி வந்தவன் திரும்பும் நேரம் பார்த்துக் கணுக்காலுக்குப் பாய்ந்தான். வந்தவனின் முழங்கால் பையனின் பொட்டில் இறங்கியது. மைக்செட்டையும் மீறி அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஆனாலும் பிடி விடவில்லை, புள்ளி கிடைத்துவிட்டது. கூட்டம் விசில் அடித்தது. பையன் குப்புறக் கிடந்தான்.

ஓடினேன். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள், யாரோ சோடா நீட்டினார்கள். நான் ஸ்பிரே அடித்தேன். தலைக்கு ஸ்பிரே எதற்கு என்று இன்று கேட்டால் பதில் கிடையாது. கையில் அதுதான் இருந்தது. ‘பேர் என்னப்பா?’ என்றேன். சொன்னான். ‘தலை சுத்துதா?’ ‘ஒண்ணும் இல்ல சார்.’ தட்டிக்கொடுத்து உள்ளே அனுப்பினேன். கடைசிவரை ஆடினான். அணி ஜெயித்தது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு டெம்போவில் ஏறும்போது என் பக்கம் திரும்பி, ‘சார், நம்ம மேட்ச் எப்ப சார்?’ என்று கேட்டான்.

திருக்கழுக்குன்றம் வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, பிழைத்தோம். ஆனால் இரண்டு மாதம் கழித்து அவன் அப்பா வந்தார். ‘அலை ஆட்டத்துல கண்ணு சுத்துதுன்னு போட்டுல ஏற மாட்டேங்குறான் சார்’ என்றார். கடலுக்குப் போகிற வீட்டில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேர் கேட்டதுதான் என் பிழை. மூளை அதிர்ந்தவனுக்கும் பேர் மறக்காது. மறப்பது கடைசிப் பத்து நிமிஷம். ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களை வைத்து டேவிட் மேடாக்ஸ் வகுத்த கேள்விகள் 1995-லேயே அச்சில் வந்துவிட்டன. எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டம் யாரோடு, ஜெயித்தோமா. நம் கோர்ட்டுக்கு இப்படி மாற்றிக்கொள்ளலாம்: ‘இது எந்த ஊர் கோர்ட்டு? முதல் பாதியா, ரெண்டாவதா? கடைசி ரெய்டு போனது யாரு? இதுக்கு முந்தி யார்கூட ஆடினோம்?’ ஒன்றில் தடுமாறினாலும் அவன் இன்றைக்கு ஆடக்கூடாது. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னால் ஆடலாம் என்று இதைத் திருப்பிப் படித்துவிட வேண்டாம். கண் எங்கோ பார்க்கிறது, நடையில் தள்ளாட்டம், தலைவலி, குமட்டல், ‘என்னமோ மாதிரி இருக்கு’ என்ற ஒரு சொல், எது இருந்தாலும் வெளியேதான். நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலான அதிர்ச்சிகளில் நினைவு தப்புவதே இல்லை.

கபடிக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இதை எந்த வெளிநாட்டுக் கையேடும் சொல்லித் தராது. கால்பந்தில் அடிபட்டவன் மைதானத்தில் விழுந்து கிடந்தால் எல்லோருக்கும் தெரியும். நம் ஆட்டத்தில் அடிபட்டவன் அவுட்டும் ஆகிவிட்டால், விதிப்படியே எழுந்துபோய்க் கோட்டுக்கு வெளியே வரிசையில் உட்காருகிறான். தலையைத் தொங்கப் போட்டபடி இருப்பான். பார்ப்பவருக்கு அவுட் ஆன வருத்தம் என்று தோன்றும். அடுத்த புள்ளி வந்ததும் அவனுக்கு உயிர் கிடைக்கிறது, முறைப்படி உள்ளே போகிறான். மாற்று ஆள் கேட்க வேண்டாம், டைம் அவுட் வேண்டாம். ஓர் அதிர்ச்சி முழுசாக, யார் கண்ணிலும் படாமல், ஆட்ட விதிக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. அதனால் நாற்காலியில் இருப்பவர் கோர்ட்டை மட்டும் பார்த்தால் போதாது. உட்கார்ந்திருக்கும் வரிசையையும் பார்க்க வேண்டும்.

தலையடியை யார் தீர்மானிப்பது என்ற இதே கேள்வியில் அமெரிக்கக் கால்பந்து பட்ட பாட்டை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அது பெயருக்குத்தான் கால்பந்து. கையில் பந்தோடு ஓடுகிறவனை மோதிச் சாய்ப்பதுதான் ஆட்டம். நம்மூரில் பந்துக்குப் பதில் மூச்சைக் கொண்டு ஓடுகிறோம், அவ்வளவே. அங்கே தலைக்கவசம் உண்டு, தோள்கவசம் உண்டு, ஒவ்வொரு அணிக்கும் மருத்துவர் படை உண்டு. பிட்ஸ்பர்க் அணியில் நடு வரிசையில் ஆடி நான்கு சூப்பர் பவுல் இறுதிப் போட்டிகளை வென்ற மைக் வெப்ஸ்டர் 2002-இல் 50 வயதில் இறந்தபோது, நினைவும் நிதானமும் சிதைந்து வண்டியிலேயே படுத்துறங்கும் நிலைக்கு வந்திருந்தார். பிணக்கூறாய்வு செய்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு, அந்த மூளையில் டவ் புரதம் படிந்திருப்பதைக் கண்டு 2005-இல் கட்டுரையாக வெளியிட்டார். சி.டி.ஈ. என்று இன்று நாம் பாடத்தில் படிக்கும் நாள்பட்ட மூளைச் சிதைவை அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரிடம் காட்டிய முதல் கட்டுரை அது. அமெரிக்கக் கால்பந்து லீக்கின் மூளைக்காயக் குழுவைச் சேர்ந்தவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். 1994-இல் அந்தக் குழு தொடங்கியபோது தலைவராகப் போட்டது யாரைத் தெரியுமா? மூட்டுவாத மருத்துவர் ஒருவரை. அதிலும் அவர் ஓர் அணியின் சொந்த மருத்துவர்.

2017-இல் போஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கை மேடைக்கு மேடை சொல்கிறார்கள்: லீக்கில் ஆடிய 111 பேரின் மூளையில் 110-இல் சி.டி.ஈ. அந்த மூளைகளைக் கொடுத்தவை சந்தேகம் வந்த குடும்பங்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆடியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு என்று அதற்கு அர்த்தம் செய்வது தவறு. எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது வேறு. அடிபட்டவனை அன்றே திரும்ப ஆடவிடக் கூடாது என்ற விதியை அவர்கள் 2009-இல்தான் கொண்டுவந்தார்கள். 2013-இல் எந்த அணியையும் சேராத நரம்பியல் மருத்துவரை மைதானத்தில் நிறுத்தினார்கள். அப்படியும் 2022 செப்டம்பரில் மயாமி அணியின் டுவா டகோவைலோவா தலை தரையில் மோதி எழுந்து, எல்லோரும் பார்க்கத் தள்ளாடினார். முதுகுவலி என்று முடிவு செய்து அதே ஆட்டத்தில் இறக்கினார்கள். நாலாம் நாள் சின்சினாட்டியில் மறுபடி விழுந்து, விரல்கள் விறைத்து, ஸ்ட்ரெச்சரில் போனார். அதற்குப் பிறகுதான் தள்ளாட்டம் கண்டாலே, காரணம் எதுவானாலும், ஆட்டம் முடிந்தது என்று விதியைத் திருத்தினார்கள்.

அத்தனை பணமும் கருவியும் உள்ள இடத்திலேயே ‘யார் சொல்வது’ என்பதைத் தீர்க்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. வெற்றி வேண்டும் என்பவரும் ஆடலாம் என்பவரும் ஒரே ஆளாக இருந்ததுதான் கோளாறு. நம்மூரில் பள்ளி அணிக்குப் பயிற்சியாளர் யார்? பி.டி. சார். முதலுதவிப் பெட்டி யார் கையில்? பி.டி. சார். மண்டலப் போட்டியில் தோற்றால் தலைமையாசிரியரிடம் பேச்சு வாங்குவதும் அவரே. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த நேரத்தில், அந்த ஸ்கோரில், ஒரு மனுஷன் தனக்கெதிராகத் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, அதுதான் நியாயமில்லை.

பையன்களும் ஒத்துழைக்க மாட்டார்கள். மாவட்டச் சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீடு, காவல்துறை, ரயில்வே என்று ஒரு குடும்பத்தின் கணக்கே அந்த ஏழு பேர் வரிசையில் நிற்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வென்று, துணைக் கேப்டன் கண்ணகி நகர் கார்த்திகா ஊர் திரும்பியதிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை நெடுக அம்மாக்களே பெண் பிள்ளைகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிவருகிறார்கள். மகிழ்ச்சிதான். அந்தப் பிள்ளைகளும் நாளைக்கு ‘ஒண்ணும் இல்ல சார்’ என்றுதான் சொல்லப் போகிறார்கள்.

நம் கவனமும் முழங்காலோடு நின்றுவிடுகிறது. 2022 கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அதைப் பற்றி நம் கருத்தரங்குகளில் எத்தனை ஸ்லைடு! முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. இருக்கிறது, அறுவை இருக்கிறது, ஒன்பது மாதப் பயிற்சித் திட்டம் இருக்கிறது, வெளிப்படையாகச் சொன்னால் வருமானமும் இருக்கிறது. தலைக்கு நாம் தரக்கூடிய சிகிச்சை ‘உட்காரு’ என்ற ஒரு சொல்தான். அதற்கு யாரும் ஃபீஸ் தருவதில்லை.

நெஞ்சில் படும் அடியையும் சொல்லியாக வேண்டும். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே பாடிப் போன இளைஞர் ஒருவர் கோர்ட்டிலேயே சரிந்து உயிரிழந்ததை நாம் எல்லோரும் கைபேசியில் பார்த்தோம். அடுத்த ஜனவரி 2-ஆம் தேதி, அதே சின்சினாட்டி மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாமர் ஹாம்லின் நெஞ்சில் அடிபட்டு இதயம் நின்று விழுந்தார். உடனே நெஞ்சை அழுத்தினார்கள், மின்னதிர்ச்சிக் கருவி கையோடு இருந்தது. அடுத்த சீசனில் மீண்டும் ஆடினார். இதயம் நின்றபின் நெஞ்சையும் அழுத்தாமல் மின்னதிர்ச்சி தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் கழிகிறது. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு 30 கிலோமீட்டர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. பைக்கில் போய் விழுந்தவனுக்கு உள்ள அந்த ஏற்பாடு கோர்ட்டில் விழுந்தவனுக்கு இல்லை. கருவி வாங்கக் கமிட்டியிடம் பணம் இல்லாமல் போகலாம். நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர்களை அணிக்கு ஒருவராக நாம் தயார் செய்வதற்குக் காசு தேவையில்லை.

எடைப் பிரிவுக்காக முதல் நாளே தண்ணீர் குடிக்காமல் கிடப்பது, ஒரே இரவில் நாலு ஆட்டம், விடியற்காலை இறுதிப் போட்டி இவற்றையெல்லாம் இன்னோர் இதழில் பேசுவோம். தூக்கமில்லாத, நீர் வற்றிய உடம்பில் தலையடியின் அறிகுறியும் சோர்வின் அறிகுறியும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன். சந்தேகம் வந்தால் தலையடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்த பையனை என்ன செய்வது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. தனியாக விடக்கூடாது, பைக் ஓட்டவிடக் கூடாது. வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி ஏறினாலோ, தூக்கக் கலக்கம் வந்தாலோ, கைகால் வலுவிழந்தாலோ, கழுத்து வலித்தாலோ 108. இல்லையென்றால் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு நடை, ஓட்டம், தனிப்பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பிடித்து ஆடுவது. நம் பொங்கல் அட்டவணையில் இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர் என்பதால், முதல் ஊரில் உட்கார வைத்தவன் மறுநாள் அடுத்த ஊரில் ஆடிவிடுவான். அதனால் அவன் பெயரை அடுத்த கோர்ட்டு நாற்காலிக்காரருக்குப் போனில் சொல்லிவிடுங்கள். ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தையே வைத்துக்கொண்டு, நம் கடற்கரையில் ஒரு பொங்கலுக்கு எத்தனை தலை அடிபடுகிறது என்ற கணக்கு நம்மில் ஒருவரிடமும் இல்லை.

இந்த வருஷம் எனக்கு வந்த முதல் அழைப்புக்கு ஒரு நிபந்தனை போட்டேன். இரண்டு அணியையும் சேராத ஒருவருக்கு, அது நானோ வேறொருவரோ, ஆளை நிறுத்தும் அதிகாரம் வேண்டும். அதை ஆட்டம் தொடங்கும் முன்பே மைக்கில் அறிவிக்க வேண்டும். காயம் பட்டால் ஆட்டத்தை நிறுத்த நடுவருக்கு விதியிலேயே இடம் உண்டு, அவரும் சம்மதித்தார். கமிட்டிச் செயலாளர் கொஞ்சம் யோசித்தார். ‘ஃபைனல்ல நம்ம ஊர்ப் பையனயே உக்கார வெச்சிட்டீங்கன்னா?’ என்றார். ‘வெப்பேண்ணே’ என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

நாலு நாள் கழித்து அச்சான நோட்டீஸ் வந்தது. அடியில் பழைய இரண்டு வரியும் அப்படியே இருக்கின்றன, கமிட்டி பொறுப்பல்ல என்பது உட்பட. அதற்குக் கீழே, இன்னும் பொடியான எழுத்தில், புதிதாக ஒரு வரி: ‘தலையில் அடிபட்டால் டாக்டர் சார் தீர்ப்பே இறுதியானது.’