நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும்

2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி, 99ஏக்கர்ஸ் உள்ளிட்ட இந்தியச் செயலிகள் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போயின. கட்டணத் தகராறுதான் காரணம். அதற்கு முன்பே சில நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது; உச்ச நீதிமன்றமும் இடைக்கால நிவாரணம் தர மறுத்திருந்தது. ஆனாலும் ஒன்றியத் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், இப்படி நீக்குவதை அனுமதிக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். கூகுள் அதிகாரிகளை அழைத்துப் பேசினார். சில நாள்களுக்குள் செயலிகள் திரும்பி வந்தன.

அரசு தலையிட்டது சரிதான். ஆனால் திருச்செங்கோட்டிலோ திண்டுக்கல்லிலோ தன் வீட்டு அறையில் உட்கார்ந்து, வேலை நேரம் போக மிச்சமிருக்கும் இரவுகளில் ஒரு செயலியை எழுதி வெளியிடும் இளைஞரின் கணக்கு முடக்கப்பட்டால் எந்த அமைச்சர் பேசுவார்? அவருக்கு வருவது ஒரு மின்னஞ்சல். ஏற்கெனவே முடக்கப்பட்ட வேறொரு கணக்கோடு உங்கள் கணக்குக்குத் தொடர்பு இருக்கிறது, ஆகவே நீக்குகிறோம் என்று அதில் எழுதியிருக்கும். எந்தக் கணக்கு, என்ன தொடர்பு என்பது இருக்காது. முன்பு வேலை பார்த்த சிறு நிறுவனத்தின் கணக்கா, நண்பருக்கு இரவல் கொடுத்த மடிக்கணினியா என்று அவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். மேல்முறையீட்டுப் படிவம் ஒன்று உண்டு. அதை நிரப்பி அனுப்பினால், முடிவில் மாற்றமில்லை என்று முதல் கடிதத்தின் வாசகங்களோடே பதில் வந்தது என்பதுதான் டெவலப்பர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் புகார்.

செயலிச் சந்தை பற்றிய விவாதம் நம் நாட்டில் பெரும்பாலும் கமிஷனைச் சுற்றியே நடக்கிறது. பிளே ஸ்டோர் கட்டண முறைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. யுபிஐ வழியாகப் பணம் பெற வணிகருக்குக் கட்டணமே இல்லாத நாட்டில், நூறு ரூபாய்க்கு முப்பது ரூபாய் கேட்பது அநியாயம் என்பதில் நமக்கும் சந்தேகமில்லை. ஆனால் அது முதன்மையாகப் பெரிய நிறுவனங்களின் சண்டை. ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்குள் இருப்பவர்களிடம் 15 விழுக்காடு மட்டுமே வாங்கும் ஏற்பாட்டை ஆப்பிளும் கூகுளும் 2021இலேயே கொண்டுவந்துவிட்டன. அதுவும் அதிகம்தான் என்றாலும் தனி டெவலப்பரை வீழ்த்துவது அது அல்ல. சந்தைக்கு இடம் கொடுத்தவரே சுங்கமும் வசூலிக்கிறார், எதிர்க்கடையும் போட்டிருக்கிறார், தகராறு வந்தால் பஞ்சாயத்தும் அவரே பண்ணுகிறார். இந்த மூன்றில் சிறியவரை முறிப்பது கடைசியானது.

உள்ளே நுழைவதே இன்று எளிதல்ல. ஒரே முறை 25 டாலர் கட்டினால் பிளே ஸ்டோரில் யாரும் செயலி வெளியிடலாம் என்றிருந்த காலம் போய்விட்டது. 2023 நவம்பருக்குப் பின் தனிநபர் கணக்கு தொடங்கியவர், செயலியை வெளியிடும் முன் இருபது பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வைக்க வேண்டும் என்று விதி வந்தது. 2024 இறுதியில் இருபது பன்னிரண்டாகக் குறைந்தது. நிறுவனப் பெயரில் கணக்கு வைத்திருப்பவருக்கு இந்த விதி கிடையாது. விளைவு என்ன? நீ என் செயலியை நிறுவு, நான் உன்னுடையதை நிறுவுகிறேன் என்று டெலிகிராம் குழுக்களில் பண்டமாற்று நடக்கிறது. காசு வாங்கிக்கொண்டு டெஸ்டர்களை ஏற்பாடு செய்துதரும் ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். தரத்தை உயர்த்த வந்த விதி, நேர்மையானவரின் இரண்டு வாரத்தைத் தின்றுவிட்டு, ஏமாற்றுகிறவருக்கு ஒரு சிறு செலவாக மட்டும் நிற்கிறது.

நுழைந்த பிறகும் நிம்மதி இல்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்பச் செயலியைப் புதுப்பித்தாக வேண்டும். தவறினால் புதிய போன் வாங்குகிறவர்களின் கண்ணுக்கு அது தெரியாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு திருக்குறள் செயலிக்கும் இதே விதிதான். நல்ல யோசனை வெற்றி பெற்றாலோ, நகல்கள் வந்து குவியும். 'த்ரீஸ்' என்ற எண் விளையாட்டை உருவாக்கியவர்கள் ஓராண்டுக்கும் மேல் அதைச் செதுக்கி 2014 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அடுத்த மாதமே ஒரு வார இறுதியில் எழுதப்பட்ட '2048' இலவசமாக வந்து உலகம் முழுக்கப் பரவியது. இன்று பலருக்கு '2048' தெரியும், 'த்ரீஸ்' தெரியாது. போட்டி என்றால் இதெல்லாம் இருக்கும். இவற்றுக்குச் சட்டம் கேட்க முடியாது, நாமும் கேட்கவில்லை.

காரணம் சொல்லாத நீக்கம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஸ்டோர்கள் கண்டிப்பாக இருக்கத்தான் வேண்டும் என்ற வாதத்தை நாம் முழுமையாக ஏற்கிறோம். கடன் செயலிகளின் மிரட்டலில் தமிழ்நாட்டில் உயிர்கள் போயிருக்கின்றன. 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை மட்டும் 2,500க்கும் மேற்பட்ட கடன் செயலிகளை கூகுள் நீக்கியதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. அந்த வேகம் தேவை. ஆபத்தான செயலியை முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு விசாரிப்பதில் தவறில்லை. ஆனால் பிறகாவது விசாரிக்க வேண்டும் அல்லவா? மோசடிக்காரர் நாளையே வேறு பெயரில் வேறு கணக்கைத் திறந்துவிடுவார். ஒரே பெயரில், ஒரே முகவரியில், ஒரே கணக்கோடு இருக்கும் நேர்மையானவர்தான் நிரந்தரமாக வெளியே நிற்கிறார்.

இதைச் சரிசெய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல் ஓர் ஒழுங்குமுறை நடைமுறையில் இருக்கிறது. ஒரு வணிகப் பயனரின் சேவையை முற்றாக நிறுத்துவதானால், சில விதிவிலக்குகள் தவிர, 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். குறிப்பிட்ட உண்மைகளைச் சுட்டிக் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். சிறு நிறுவனங்களைத் தவிர மற்ற தளங்கள் புகார்களை விசாரிக்க உள்ளமைப்பு வைத்திருக்க வேண்டும். அங்கே வியாபாரம் செய்யும் அதே நிறுவனங்கள்தான் இங்கும் செய்கின்றன. பெர்லினில் இருக்கும் டெவலப்பருக்குத் தர முடிந்த காரணத்தைப் பெரம்பலூரில் இருப்பவருக்கு ஏன் தர முடியாது?

நம்மிடம் வாய்ப்பும் கையிலேயே இருக்கிறது. மின்னணுப் போட்டிச் சட்ட வரைவை ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. பெரிய தளங்கள் புகார்களைக் கையாளும் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்று அதில் பொதுவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அது போதாது. நீக்கத்துக்கான காரணத்தை ஆதாரத்தோடு சொல்வது, மேல்முறையீட்டை இயந்திரம் அல்லாமல் ஒரு மனிதர் படித்துப் பதில் எழுதுவது, அதற்கு 30 நாள் வரம்பு, அதன் பிறகும் தீராவிட்டால் தளத்துக்கு வெளியே ஒரு நடுவர் என்று நான்கும் சட்டத்தின் உடலிலேயே வர வேண்டும். நடுவர் அமைப்பைப் புதிதாகக் கட்டவேண்டிய அவசியமும் இல்லை. சமூக ஊடகப் பயனர்களின் புகார்களை மனதில் வைத்து 2023இல் அமைக்கப்பட்ட குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுக்களின் அதிகாரத்தை டெவலப்பர்களுக்கும் தெளிவாக விரித்தாலே ஆரம்பத்துக்குப் போதும்.

இதைக் கேட்கத் தனி டெவலப்பருக்குச் சங்கம் கிடையாது. ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் பெறக்கூட அவர் கம்பெனியாகவோ கூட்டு நிறுவனமாகவோ பதிவு செய்திருக்க வேண்டும். தனிநபர் உரிமைத் தொழில் அதில் சேராது. அரசு கூட்டும் ஆலோசனைக் கூட்டங்களில் அவருக்கு நாற்காலி இருப்பதில்லை. ஆகவே அவருக்காகக் கேட்க வேண்டிய பொறுப்பு தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுடையது. மசோதா எப்போது அவைக்கு வரும், அதில் தனிநபர் டெவலப்பரின் மேல்முறையீட்டு உரிமை இடம்பெறுமா என்ற இரண்டு கேள்விகளையும் வரும் கூட்டத்தொடரிலேயே அவர்கள் எழுப்பி, தேதியோடு பதில் வாங்க வேண்டும்.