பாகப்பிரிவினையும் ஒரு நிரல் பயிற்சியே



துறையூரிலிருந்து பேருந்தேறித் திருச்சிக் கல்லூரிகளில் கணினி பயிலும் நம் பிள்ளைகளுள் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்தவர்களும் உளர். நிரல் எழுதும் வகுப்பில் அவர்கள் தடுமாறுவது கணக்கு விளங்காததால் அன்று. வினாவின் மொழியும் அதிலுள்ள உதாரணங்களும் அந்நியமாக இருப்பதால். அவர்களுக்கெனத் தமிழில் ஓர் இணையப் பயிற்சி நூலை நாம் உருவாக்க வேண்டும்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழியில் நிபந்தனையை முதலில் எழுதி, அதன்பின் 'ஆனால்' என்று எழுதுகிறோம். தமிழ் வாக்கியத்தின் போக்கும் அதுவே. 2012 முதல் 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கி வருகிறது, து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விளக்க நூல்களைப் படித்தவர் கைப்பழக்கம் பெறுவதற்குப் பயிற்சிகள் வேண்டும்.

அப்பயிற்சிகளை எங்கிருந்து எடுப்பது? ஏறத்தாழ கி.பி. 820இல் பக்தாதில் அல்குவாரிஸ்மி இயற்றிய அல்ஜப்ர் நூலில் ஏறக்குறையப் பாதி, வஸிய்யத்து மற்றும் வாரிசுரிமைக் கணக்குகளே. 'அல்காரிதம்' என்ற சொல் அவர் பெயரிலிருந்தே பிறந்தது. தம் மக்களின் வாழ்விலிருந்து அவர் கணக்குகளை எடுத்தார். நாமும் அவ்வாறே எடுக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் மட்டும் வாரிசுகளாக விட்டு மரணித்தார். கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றியபின் எஞ்சியது 24 லட்சம் ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3 லட்சம்; மீதி 21 லட்சத்தில் மகனுக்கு 14, மகளுக்கு 7. இதை நிரலாக எழுதும் பிள்ளை மாறி, நிபந்தனை, பின்னம் ஆகியவற்றைக் கற்றுக்கொள்கிறது. மகன்கள் இருவரானால்? கடன் சொத்தைவிட மிகுந்தால்? பங்குகளின் கூட்டுத்தொகை மொத்தத்திற்குச் சமமாகிறதா? இவ்வினாக்களே அடுத்தடுத்த பயிற்சிகள். ஜக்காத்தும் அத்தகையதே: நிஸாபுக்குச் சற்றுக் குறைந்த தொகை, சரியாக நிஸாப் அளவு, அதற்கு மேற்பட்ட தொகை என மூன்றையும் கொடுத்து விடையைச் சோதிக்கலாம்.

இங்கே எச்சரிக்கையும் தேவை. நிரலில் ஒரு வரி பிழைத்தால் ஒரு மகளின் உரிமை குறைந்துவிடும். ஆகவே மார்க்கச் சட்டத்தை ஆலிமும், நிரலை அத்துறை அறிந்தவரும் சரிபார்த்த பின்னரே ஒவ்வொரு பயிற்சியையும் வெளியிட வேண்டும். அச்சு நூலின் பிழை அடுத்த பதிப்புவரை நிற்கும். இணைய நூலில் கண்ட அன்றே திருத்தலாம். எவரும் படிக்கவும் பகிரவும் திருத்தவும் இயலுமாறு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுவதே முறை.

பயனுள்ள கல்வி மரணத்திற்குப் பின்னும் நன்மை சேர்க்கும் என்பதை நாம் அறிவோம். நம் மஹல்லாவில் மென்பொருள் துறையில் பணிபுரிவோர் மாதம் ஒரு பயிற்சி எழுதினாலும் போதும். ஈராண்டில் 24 பயிற்சிகள் கொண்ட சிறு நூல் உருவாகிவிடும், இன்ஷா அல்லாஹ்.