பத்து பேர் வந்தா படம் ஓடும்!

இன்டர்னல்ஸ் எல்லாம் எப்படிப் போகுது? நமக்கு வழக்கம்போல தெர்மோடைனமிக்ஸ் தண்ணி காட்டுது. அதை விடுங்க. இந்த வாரம் காலேஜ் கலாட்டா கிடையாது. ஒரு பாவமன்னிப்பு!

போன மாசம் ஒரு சின்ன பட்ஜெட் படம் ரிலீஸ் ஆச்சு. பெரிய ஹீரோ இல்லை, குத்துப்பாட்டு இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரியே டெலிகிராம்ல வந்துடுச்சு. டவுன்லோடு பண்ணி ஹாஸ்டல் முழுக்கப் பரப்பின புண்ணியவான், சாட்சாத் அடியேன்தான். ஒரே லேப்டாப்ல எட்டு பேர் பார்த்தோம். கிளைமாக்ஸ்ல ஒருத்தனும் வாயைத் திறக்கலை. ‘மச்சி, இதைத் தியேட்டர்ல பார்த்திருக்கணும்டா’ன்னான் ரூம்மேட்.

சரி, பரிகாரம் பண்ணிடலாம்னு புதன்கிழமை கிளாஸை கட் அடிச்சிட்டு ரெண்டு பேரும் கிளம்பினோம். காலை 11.30 ஷோ. எங்களையும் சேர்த்து மொத்தமே நாலு பேர்! ‘பத்து பேராவது வந்தாதான் தம்பி ஷோ. ஏ.சி. கரன்ட்டுக்கே கட்டாது’ன்னு காசைத் திருப்பிக் கொடுத்துட்டார் கவுன்ட்டர் அண்ணன். மறுநாளோட படத்தைத் தூக்கிட்டாங்க.

பஸ்ல திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்க ஹாஸ்டல்ல அந்தப் படத்தைப் பார்த்தவங்க 43 பேர். அந்த ஷோவுக்குத் தேவைப்பட்டது இன்னும் ஆறே ஆறு பேர். சுருக்குன்னு இருந்துச்சு பாஸ்.

‘பெரிய ஸ்டார் படமும்தான் திருட்டுத்தனமா வருது. அதெல்லாம் ஓடலையா?’ன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் பேசிட்டிருந்தேன். ஆனா, பெரிய படம் நூத்துக்கணக்கான தியேட்டர்ல இறங்கி, முதல் மூணு நாள்லயே பெரும்பகுதி வசூலை அள்ளிடும். சின்ன படத்துக்கு பேனர் வைக்கவே காசு இருக்காது. அதுக்கு இருக்கிற ஒரே விளம்பரம், ‘படம் நல்லாருக்காம்டா’ங்கிற பேச்சுதான். அந்தப் பேச்சு பரவி ஜனம் வர்றதுக்கு ஒரு வாரமாவது ஆகும். அந்த ஒரு வாரத்துலதான் நாம கையை வைக்கிறோம். ‘படம் நல்லாருக்கு’ன்னு சொல்லும்போதே லிங்க்கையும் சேர்த்து அனுப்பிடுறோம். பாராட்டு பரவுது, டிக்கெட் விக்கலை!

ஒளிப்பதிவாளர் செழியன் இயக்கிய ‘டூ லெட்’ ஞாபகம் இருக்கா? சென்னையில வாடகை வீடு தேடி அலையுற குடும்பத்தோட கதை. தயாரிச்சது அவர் மனைவி. தேசிய விருது வாங்கின அந்தப் படம் 2019-லதான் தியேட்டருக்கு வந்துச்சு. பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-ல ராட்டர்டாம் விழாவுல டைகர் விருது வாங்கினது. அதை நாம பார்க்க, 2023-ல ஓ.டி.டி.-யில வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. விருது வாங்கின படத்துக்கே இந்தப் பாடுன்னா, இன்னும் பேரே தெரியாத புது டைரக்டர் எங்கே போவார்? முதல் படம் நஷ்டம்னா ரெண்டாவது படத்துக்கு எவன் காசு போடுவான்?

சட்டம் இல்லாம இல்லை. 2023-ல திருத்தின சினிமா சட்டப்படி, தியேட்டர்ல திருட்டுத்தனமா ரெக்கார்டு பண்ணினா மூணு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். 2024 ஜூலையில ‘ராயன்’ படத்தை திருவனந்தபுரம் தியேட்டர்ல செல்போன்ல எடுத்துட்டிருந்தவரை கையும் களவுமாப் பிடிச்சாங்க. கேமரா வைக்கிறவனைப் பிடிச்சிடலாம். ‘ஃபார்வர்டு’ பட்டனை அமுக்குற நம்மளை யார் பிடிக்கிறது?

அதுக்காக, எல்லாப் பழியையும் நம்ம தலையிலயே போட்டுக்கவும் வேண்டாம். சின்ன படத்துக்குக் கிடைக்கிறதே ஆள் வராத காலை ஷோதான். பாப்கார்ன் விலைக்கு நம்ம மெஸ்ல ரெண்டு நாள் சாப்பிடலாம். நம்ம ஊர்ல ரிலீஸே ஆகாத படத்தை எங்கே போய்ப் பார்க்கிறதுன்னு கேட்டா, அதுவும் நியாயம்தான். ஆனா, பக்கத்துத் தெரு தியேட்டர்ல ஓடினப்ப நான் லேப்டாப்ல பார்த்தேனே... அதுக்கு என்கிட்ட ஒரு நியாயமும் இல்லை.

அதனால ஹாஸ்டல்ல ஒரு புது கேங் ஆரம்பிச்சிருக்கோம். மாசம் ஒரு சின்ன படம், ரிலீஸான வாரமே, சொந்தக் காசுல. ஷோ நடக்க பத்து பேர் வேணும். நாங்க பதினோரு பேர் சேர்ந்திருக்கோம்.

கடைசி நேரத்துல ஒருத்தன் ‘வயித்து வலி மச்சி’ன்னு எஸ்கேப் ஆவான்னு எங்களுக்குத் தெரியாதா என்ன?

வர்ட்டா!