திரை துள்ளித் துள்ளி ஓடினால்

தென்மராட்சிச் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். கணவரை இழந்தபின், வினாத்தாள், கலியாண அழைப்பிதழ் என்று வீட்டிலிருந்தே தட்டச்சுச் செய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். மடிக்கணினியின் திரை பாதி கறுத்துப் போக, பழைய மொனிற்றர் ஒன்றை அடப்டர் மூலம் பொருத்தியிருக்கிறார். படம் வருகிறது. ஆனால் மௌஸை அசைத்தால் அம்பு துள்ளித் துள்ளிப் போகிறது. பாமினியில் அடிக்கும் எழுத்துக்கள் பிந்தித்தான் திரையில் விழுகின்றன. கடையில் காட்டியபோது, "மெசின் பழசு, புதுசு எடுங்கோ" என்றார்களாம். அதற்காக நுண்கடன் குழுவில் சேரலாமா என்று கேட்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள் சகோதரி. வாராந்தத் தவணை எங்கள் பெண்களைப் படுத்திய பாடு தெரிந்ததுதானே. வறட்சி மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது.

முதலில் அடப்டரைப் பாருங்கள். கணினியில் செருகும் முனை பென்டிரைவின் முனை போல இருந்தால் அது யு.எஸ்.பி. அடப்டர். இதில் கணினியின் புரொசெசர் ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அனுப்ப, அடப்டருக்குள் இருக்கும் சிப் அதை விரித்து மொனிற்றருக்குக் கொடுக்கிறது. புரொசெசருக்கு இது மேலதிக வேலை. பாதையும் ஒடுக்கம். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரைக்குச் செக்கனுக்கு 60 படங்களைச் சுருக்காமல் அனுப்பினால் ஏறத்தாழ 3000 மெகாபிட் ஆகும். யு.எஸ்.பி. 2.0 போர்ட்டின் உச்ச வேகமோ 480 மெகாபிட். ஒழுங்கைக்குள் பஸ் விட்ட கதைதான்! யு.எஸ்.பி. 3.0 என்றால் 5000. அந்தப் போர்ட்டின் உட்புறம் பெரும்பாலும் நீலமாக இருக்கும். அடப்டரை அதில் நேரடியாகச் செருகுங்கள். இடையில் ஹப் வேண்டாம்.

பிறகு விண்டோஸ் விசையுடன் 'பி'யை அழுத்தி, 'செக்கன்ட் ஸ்கிரீன் ஒன்லி' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். உடைந்த திரைக்கும் படம் வரையும் வேலை குறையும். கரண்ட் நின்று பற்றறியில் ஓடும்போது கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. சார்ஜரைப் போட்டபடி ஒருமுறை பாருங்கள்.

எச்.டி.எம்.ஐ. அடப்டர் பாவிப்பவர்களுக்கும் இந்தத் துள்ளல் வரலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று போனால் 'ரிஃப்ரெஷ் ரேட்' இருக்கும். அதில் 30 என்றிருந்தால் 60 ஆக்குங்கள்.

தன் கணினியில் எச்.டி.எம்.ஐ. போர்ட் ஒன்று சும்மா கிடப்பதாகவும் சகோதரி கடைசி வரியில் எழுதியிருக்கிறார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அதில் படம் கிராபிக்ஸ் பகுதியிலிருந்து நேரே வரும், புரொசெசருக்குச் சுமையில்லை. உங்கள் மொனிற்றரின் வயர் 15 ஊசிகள் கொண்ட, 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. வகை. ஆகவே 'எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு' என்று கேட்டு வாங்குங்கள். மறுபக்கமாக மாற்றுவதும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும், ஆனால் உங்களுக்கு உதவாது. மடிக்கணினியையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே ஒரு மொனிற்றரில் பொருத்திக் காட்டச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.