காங்கேசன்துறையின் தீர்ப்பு

1972 மே 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியரசு அரசியலமைப்பு, சிங்களத்தை ஒரே ஆட்சிமொழியாக உறுதிசெய்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கியது. சிறுபான்மையினருக்குக் காப்பாயிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைக் கைவிட்டது. இதனை எதிர்த்து, அவ்வாண்டு ஒக்டோபரில் தந்தை செல்வநாயகம் தமது காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். தமிழர் இந்த அரசியலமைப்பை ஏற்கின்றனரா என்பதை இடைத்தேர்தல் மூலம் அறிந்துகொள்ளுமாறு அரசுக்கு அறைகூவல் விடுத்தார்.

அரசு, அவசரகால நிலையைக் காரணங்காட்டித் தேர்தலை ஒத்திவைத்தது. இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் அத்தொகுதி மக்கள் பிரதிநிதியின்றி இருந்தனர். ஆசனம் வெற்றிடமானால் மூன்று மாதங்களுக்குள் இடைத்தேர்தலுக்கான நடவடிக்கை தொடங்கப்படுவதே முறை என்று, நாம் இன்று வாழும் பிரித்தானியாவில் வழமை வகுக்கப்பட்டதும் அதே 1973இல்தான்.

இறுதியில் 1975 பெப்ரவரி 6ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் 9,457 வாக்குகள் பெற்றார். செல்வநாயகம் 25,927 வாக்குகள் பெற்றார். வித்தியாசம் 16,470. இவ்வாறு தீர்ப்பளித்தோர் கண்மூடித் தலைவரைப் பின்தொடர்ந்தவர்கள் அல்லர். 1952இல் இதே தொகுதிதான் அவரைத் தோற்கடித்தது.

இத்தீர்ப்பைத் தமிழீழத் தனியரசுக்கான ஆணையாகக் கொள்வதாக அவர் அறிவித்தார். அரசு செவிசாய்க்கவில்லை. 1977 ஏப்ரலில் அவர் மறைந்தார். 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தச் சட்டம் அக்கோரிக்கையையே குற்றமாக்கியது. வாக்கினால் கேட்கப்பட்டதற்கு வாக்கினால் மறுமொழி கூற மறுத்த அரசு, பின்னர் கேட்கும் வாயையே அடைத்தது. வாக்குச்சீட்டில் ஓர் இளந்தலைமுறை நம்பிக்கை இழந்ததற்கான பொறுப்பில் பெரும்பங்கு அவ்வரசுகளையே சாரும்.

ஆயினும் அந்த 25,927 வாக்குகள் வீண்போகவில்லை. தமிழரின் கருத்து எவருக்கும் தெரியாதிருந்தது என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுத முடியாதபடி அவை சான்றாக நிற்கின்றன.

புலம்பெயர்ந்தோர் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். இந்நாட்டில் தங்கியிருக்க அனுமதி பெற்ற இலங்கைக் குடிமக்கள், பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில், பிரித்தானியக் குடியுரிமை பெறுமுன்னரே வாக்காளராகப் பதிவுசெய்யலாம். இதனை அறியாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அறிந்தும் அலட்சியமாக இருப்போரும் உண்டு. ஒரு வாக்குக்காக ஈராண்டுக்கு மேல் காத்திருந்த மக்களின் வழிவந்தோர், கைக்கு எட்டிய உரிமையைக் கைநழுவ விடலாகாது.